பாய்சன் ஐவி பட்டுவிட்டதா? எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மே மாதம் பிறந்ததும் எல்லோரும் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அடுத்த சில வாரங்களில் முழங்கையில் கோடு கோடாகத் தடிப்போடு மருந்துக்கடையில் நிற்பவர்களையும் பார்க்கலாம். பட்டால் தோல் தடித்து அரிக்க வைக்கும் செடிதான் பாய்சன் ஐவி; கடையில் அதற்கென்றே ஒரு தனி வரிசை இருக்கும். முன்கூட்டித் தடவும் கிரீம், பட்ட பிறகு கழுவும் திரவம், தேய்க்கும் பசை, லோஷன், ஸ்ப்ரே என்று ஐந்து டாலரில் தொடங்கி நாற்பது டாலர் வரை போகும். இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. செடி பட்ட முதல் ஒரு மணி நேரத்தில் டிஷ் சோப்பும் ஒரு துணியும் போதும். அது தவறிவிட்டால், லேசான தடிப்புக்கு அரிப்பை அடக்கினால் போதும். கடுமையான தடிப்புக்கு முழு அளவில், முழுக் காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரைகுறை வழிகளில்தான் காசும் தூக்கமும் வீணாகின்றன.

செடியை அடையாளம் காண்பது எளிது. ஒரு காம்பில் மூன்று இலைகள். நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். தண்டில் இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். இலைகள் எதிரெதிரே நேராக இருந்தால் அது பாக்ஸ் எல்டர் கன்று, பயப்பட வேண்டாம். ஐந்து இலை என்றால் வர்ஜீனியா க்ரீப்பர். மரத்தில் ஏறிய பழைய கொடியாக இருந்தால், கயிறு போன்ற தண்டில் பழுப்பு நிற மயிர்போல வேர்கள் அடர்ந்திருக்கும். பனிக்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு முக்கிய அடையாளம் அதுதான், அப்போதும் அந்தத் தண்டில் தடிப்பை வரவழைக்கும் எண்ணெய் இருக்கும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது பாய்சன் ஓக். அதற்கும் மூன்று இலைதான், ஓரம் ஓக் இலைபோல் வளைந்திருக்கும், பெரும்பாலும் 5000 அடிக்குக் கீழே வளரும். ஈரமான சதுப்பு நிலத்தில் பாய்சன் சூமாக். மூன்றிலும் இருப்பது உருஷியால் என்ற ஒரே வகை எண்ணெய்தான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் மூன்றுக்கும் பொருந்தும்.

உருஷியால் தோலைச் சுடும் அமிலம் அல்ல. தோலுக்குள் போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் தோலையே அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன. ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் தடிப்பு தெரியும். முதல் முறை படுபவர்களுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் செடியைத் தொட்டுவிட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, “எனக்கு ஒன்றும் செய்யாது” என்று முடிவுகட்டுவது இதனால்தான். அதை நம்பி அடுத்த வாரமும் வெறுங்கையால் பிடுங்குவார்கள்.

முதல் ஒரு மணி நேரம்: எதை வைத்துக் கழுவுவது?

நேரம்தான் இங்கே முதல் மருந்து. பட்டு பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நல்ல பலன். ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் தோலோடு ஒட்டியதை எதுவும் பிரித்தெடுக்காது. ஆனாலும் மேலாக மிஞ்சியிருக்கும் எண்ணெய் இன்னும் நான்கு இடத்துக்குப் பரவாமல் இருக்க, தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும்.

கடையில் மூன்று வகை இருக்கின்றன. சாதாரண டிஷ் சோப். டெக்னு போன்ற கரைப்பான் கலந்த திரவம். ஸான்ஃபெல் போன்ற பசை. டெக்னு 1960-களில் கதிரியக்கத் தூசியைக் கழுவவென்று உருவானது, பிறகுதான் பாய்சன் ஐவிக்கு வந்தது. காய்ந்த தோலில் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. எவ்வளவு கூடுதலாக என்பதுதான் கேள்வி. 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு டெக்னு, மெக்கானிக்குகள் கை கழுவும் கூப் என்ற கிரீம், டிஷ் சோப் மூன்றையும் ஒப்பிட்டது. டெக்னுவுக்கு 70 சதவீதப் பாதுகாப்பு, கூப்புக்கு 62, டிஷ் சோப்புக்கு 56. வேறுபாடு புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தும் அளவில் இல்லை. விலையிலோ டெக்னு அவுன்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டாலர், மற்ற இரண்டும் சில காசுகள்.

ஆக, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு டிஷ் சோப் போதும். தண்ணீர் கிடைக்காத மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு டெக்னு ஒரு பாட்டில் பையில் இருந்தால் நல்லது, துணியால் துடைத்தெடுத்துவிடலாம். ஸான்ஃபெல் ஒரு அவுன்ஸ் ட்யூபே ஏறத்தாழ 40 டாலர். தடிப்பு வந்த பிறகும் எண்ணெயை வெளியே எடுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அதை நிலைநாட்டும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை. சிலருக்கு அரிப்பு சில மணி நேரம் தணிகிறது, அவ்வளவே. அந்தப் பணத்தை மருத்துவரைப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

சோப்பைவிட முக்கியம் தேய்க்கும் விதம். கண்ணுக்குத் தெரியாததால் ஒரு தடவை நுரை வந்ததும் போய்விட்டது என்று நினைக்கிறோம். பலாப்பிசின் ஒட்டிய விரலைத் தண்ணீரில் காட்டினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும்: பிசின் இடம் மாறும், போகாது. பலாப்பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தில் இதற்கும் தடவிவிடாதீர்கள். உருஷியால் அதில் கரைந்து இன்னும் அகலமாகப் பரவும். முதலில் இரண்டு கைகளையும் நகக்கண் உட்படக் கழுவுங்கள். ஈரத்துணியில் டிஷ் சோப்பைத் தாராளமாக ஊற்றி, பட்ட இடத்தை அழுத்தித் தேய்த்து, ஓடும் நீரில் அலசுங்கள். துணியின் வேறு பக்கத்தால் மறுபடி, பிறகு இன்னொரு முறை. மூன்று சுற்று. தோல் சிவக்கும் அளவுக்கு உரசத் தேவையில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நின்றபடி ஷவரில் குளிக்க வேண்டும். பாத்டப்பில் உட்கார்ந்தால் முழங்கையில் இருந்தது முதுகுக்கும் போகும்.

வழியில் தண்ணீரே இல்லையென்றால் ரப்பிங் ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றித் துடைக்கலாம். ஆனால் அது தோலின் இயற்கை எண்ணெயையும் எடுத்துவிடும். அதன் பிறகு அன்று மீண்டும் செடிப்பக்கம் போகக் கூடாது. பிளீச் வேண்டவே வேண்டாம், புண்ணாகும்.

அடுத்த வாரம் திரும்பவும் தடிப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி பொருள்தான்: ஷூ லேஸ், செடி வெட்டும் கத்தரி, நாயின் கழுத்துப்பட்டை, கார் ஸ்டீயரிங், அழுக்குக் கையோடு எடுத்துப் பேசிய போன். காய்ந்த உருஷியால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். துணிகளைத் தனியாக, மெஷினை நிரப்பாமல், சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும். கருவிகளையும் போனையும் கையுறை போட்டுக்கொண்டு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். நாயின் ரோமத்தில் எண்ணெய் ஒட்டினால் பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அதைக் கொஞ்சுபவருக்குத்தான் ஆகும்.

முன்கூட்டியே தடுப்பதற்கு: கிரீமா, துணியா?

நிரூபிக்கப்பட்ட தடுப்பு கிரீம் ஒன்று இருந்தது. 5 சதவீத பென்டோகுவாட்டம் கலந்த ஐவி பிளாக் 1996-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. வெளியே போகும் முன் 15 நிமிடம் இருக்கும்போது தடவ வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது அதே அலமாரியில் இருக்கும் மற்ற கிரீம்களை அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம். கிரீம் தடவிய தைரியத்தில் அரைக்கை சட்டையோடு புதருக்குள் போவதுதான் பெரிய ஆபத்து.

முழுக்கை சட்டை, நீள பேன்ட், சாக்ஸுக்குள் சொருகிய பேன்ட் கால், இவை போதும். கையுறையில்தான் பலரும் தவறுகிறார்கள். மெல்லிய லேடெக்ஸ் கையுறை வழியே உருஷியால் உள்ளே போய்விடும். துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தோலில் தேய்க்கும். கனமான வினைல் கையுறை, மணிக்கட்டு தாண்டி நீளமானதாக, உள்ளே வியர்வைக்கு ஒரு பருத்திக் கையுறை. இதுதான் சரியான அமைப்பு. கழற்றும்போது உள்பக்கம் வெளியே வரும்படி உரித்தெடுங்கள்.

தடிப்பு வந்தேவிட்டது: அரிப்பு மருந்தா, ஸ்டீராய்டா?

ஒரு பயத்தை முதலில் நீக்கிவிடலாம். கொப்புள நீர் பட்டுத் தடிப்பு பரவாது, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றாது. முதல் நாள் மணிக்கட்டில், நான்காம் நாள் தொடையில் என்று புதிது புதிதாக வருவதற்குக் காரணம், எண்ணெய் அதிகம் பட்ட மெல்லிய தோல் முதலில் வெடிக்கிறது, தடித்த தோல் பிறகு. கழுவாத பொருள் ஏதாவது இன்னும் கையில் படுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். எதுவுமே செய்யாவிட்டாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறிவிடும். எந்த மருந்தை எடைபோடும்போதும் இந்தக் காலக்கெடுவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பத்தாம் நாள் தடவிய எதுவும் பதினைந்தாம் நாள் அற்புத மருந்தாகத் தெரியும்.

கைப்பிடி அளவு இடத்தில் மட்டும் தடிப்பு என்றால் கடை மருந்து போதும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15 முதல் 30 நிமிடம், ஒரு நாளில் சில தடவை போட்டு எடுங்கள். நீர் கசியும் கொப்புளத்துக்கு டாம்போரோ போன்ற அலுமினியம் அசிடேட் தூளைக் கரைத்து நனைத்துப் போட்டால் சீக்கிரம் உலரும். காலமைன் லோஷன் உலர்த்தும், கொஞ்சம் குளிர்ச்சி தரும். ஓட்ஸ் பொடி கலந்த குளியல் உடம்பு முழுதும் அரிப்பவர்களுக்கு இதம்.

ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமைத்தான் மக்கள் அதிகம் வாங்குகிறார்கள். லேசான சிவப்புக்கு அது சரி. கொப்புளம் வந்த பாய்சன் ஐவிக்கு அதன் பலம் போதாது. ஒரு நாளில் பத்துத் தடவை தடவினாலும் அதே கதைதான். மருத்துவர் எழுதித் தரும் க்ளோபெடசால் 0.05 சதவீதம் போன்ற வீரியமான களிம்புக்குச் சக்தி உண்டு. சிறிய இடத்தில், கொப்புளம் பெரிதாவதற்கு முன் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். தினம் இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. முகத்திலும் அக்குள், தொடையிடுக்கிலும் அதைத் தொடவே கூடாது, தோல் மெலிந்துவிடும்.

தடவக் கூடாத பட்டியல் ஒன்றும் உண்டு. பெனட்ரில் கிரீம், பென்சோகெய்ன் கலந்த வலிநீக்கி, நியோமைசின் கலந்த ஆன்ட்டிபயாட்டிக் களிம்பு, இவை மூன்றும் புண்பட்ட தோலில் இன்னொரு அலர்ஜியைக் கிளப்பிவிடக்கூடியவை. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பெட்டியைத் திறப்பவர்கள் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பெட்னோவேட் வேறு, பெட்னோவேட்-என் வேறு. அந்த ‘என்’ நியோமைசின்தான். பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் ஆன்ட்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்புகளும் இதற்கல்ல. மஞ்சள் பூசினால் சீழ் பிடிப்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

அலர்ஜி மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி: இந்த அரிப்புக்குக் காரணம், அந்த மாத்திரைகள் தடுக்கும் ஹிஸ்டமின் என்ற உடல் சுரப்பு அல்ல, அதனால் செட்ரிசின் வகை மாத்திரைகள் அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது. தூக்கம் வரவழைக்கும் பெனட்ரில் மாத்திரை இரவில் தூங்க உதவலாம், வயதானவர்களுக்கு அதுவும் ஏற்றதல்ல.

இனிக் கடுமையான கட்டம். முகம், கண்ணைச் சுற்றிய பகுதி, பிறப்புறுப்பு ஆகியவற்றில் வந்தாலோ, உடம்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரவினாலோ, தூக்கமே இல்லாவிட்டாலோ ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. அவசரத்தில் அர்ஜென்ட் கேர் என்ற உடனடி மருத்துவ நிலையத்துக்குப் போனால் பல நேரம் கிடைப்பது மெட்ரால் டோஸ் பேக் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அட்டை. 4 மில்லிகிராம் மாத்திரை 21, ஆறு நாளுக்கு. முதல் நாள் ஆறு மாத்திரை, பிறகு தினம் ஒன்று குறைந்து ஆறாம் நாள் ஒன்று. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 84 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன், அதாவது பிரெட்னிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 105 மில்லிகிராமுக்குச் சமம். பாய்சன் ஐவிக்குப் பொதுவாக வேண்டியது ஒரு நாளைக்கு 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசோனில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது. அந்த அளவில் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் மருந்தைத்தான் டோஸ் பேக் ஆறு நாளுக்கு நீட்டித் தருகிறது. மூன்றாம் நாள் அருமையாக இருக்கும். ஏழாம் நாள் மாத்திரை முடிந்ததும், இன்னும் ஓயாத எதிர்ப்பு அணுக்கள் மறுபடி கிளம்பும், சில சமயம் முன்பைவிட மோசமாக. 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஐந்து நாள் மட்டும் பிரெட்னிசோன் சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு மருந்தையும் தேட வேண்டியிருந்தது. பதினைந்து நாள் குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இது இரண்டு வாரத்துக்காவது வருமா?” தடிப்பு கண்ணுக்குத் தெரியும் நோய் என்பதால், மூச்சுத் தொந்தரவோ கண் வீக்கமோ இல்லாவிட்டால், படம் அனுப்பிப் பேசும் டெலிஹெல்த்தே போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். பிரெட்னிசோனைக் காலையில் சாப்பிட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகத் தெரிந்தாலும், மதியத்துக்கு மேல் 250, 300 என்று ஏறியிருக்கலாம். காலை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் மாலையிலும் பாருங்கள். இரத்த அழுத்தம், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், வயிற்றுப்புண் இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரைக்குப் பதில் கெனலாக் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் தீர்ந்தது என்பார்கள். மாத்திரையை மறப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை ஏறினால் வாரக்கணக்கில் சமாளிக்க வேண்டும், மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றலாம். சர்க்கரை உள்ளவருக்கு மாத்திரையே மேல்.

மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், செடியை எரித்த புகையைச் சுவாசித்தது, கண் மூடிக்கொள்ளும் அளவு வீக்கம் என்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள். மஞ்சள் பொருக்கு, சுற்றிப் பரவும் சூடு, காய்ச்சல் வந்தால் நகத்தழுக்கால் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள், ஆன்ட்டிபயாட்டிக் தேவைப்படும்.

மாங்காயும் முந்திரியும்

பாய்சன் ஐவி, மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஐவி அலர்ஜி வந்துவிட்டவர்களில் சிலருக்கு மாங்காய்க் காம்புப் பாலும் தோலும் உதட்டைச் சுற்றித் தடிக்கச் செய்யும். பழத்தை விட்டுவிடத் தேவையில்லை. வேறொருவர் தோல் சீவித் தந்தால் பெரும்பாலோர் சாப்பிடலாம், கடித்து உறிஞ்சுவதும் தோலோடு ஊறுகாய் போடுவதும்தான் சிக்கல். முந்திரியில் எண்ணெய் ஓட்டில் இருக்கிறது, கடையில் கிடைக்கும் பருப்பு சரியே. சேராங்கொட்டை சேர்ந்த நாட்டு மருந்து எதையும் இவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப்பட்டை படும் இடத்தில் தடிப்பு வந்தது. சலவைக்காரர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணியில் போட்ட குறிதான் காரணம்.

செடியை ஒழிப்பது

நான்கைந்து சிறு செடி என்றால் பிடுங்குவதே மலிவு. மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது, நீளமான பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையுறைக்கு மேல் மாட்டி, செடியை அடியோடு பிடித்து வேரோடு இழுத்து, பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பிக் கட்டிவிடுங்கள். வேர்த்துண்டு மிஞ்சினால் மீண்டும் துளிர்க்கும். களை வெட்டும் வீட் ட்ரிம்மர் இயந்திரத்தைக் கொண்டுபோனால் சாறு முகத்தில் தெறிக்கும்.

புதராகப் படர்ந்திருந்தால் களைக்கொல்லி மருந்துதான். க்ளைஃபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும். 41 சதவீதச் செறிவை ஒரு கேலன் தண்ணீருக்கு இரண்டரை அவுன்ஸ் கலந்தால் இரண்டு சதவீதக் கரைசல். ட்ரைக்ளோபிர் அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல் தப்பிக்கும். எனவே புல்தரையில் ட்ரைக்ளோபிர், வேலியோரத்தில் எது கிடைத்தாலும் சரி. ‘ரவுண்டப்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதே பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்பவற்றில் இப்போது வேறு மருந்துகளும் இருக்கின்றன. புல்தரைக்கான ரவுண்டப்பில் க்ளைஃபோசேட்டே கிடையாது. லேபிளில் உள்ள மூலப்பொருளையும் அளவையும் படியுங்கள். காற்றில்லாத, அன்று மழை வராத நாளில், இலை நனையும் வரை அடியுங்கள். வாட இரண்டு வாரம் ஆகும், பெரும்பாலும் இரண்டாம் சுற்றும் வேண்டியிருக்கும்.

மரத்தில் ஏறிய கொடிக்கு ஸ்ப்ரே வேண்டாம், மரத்தின் இலையும் போகும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்துவிட்டு, மண்ணில் நிற்கும் வெட்டுவாயில் சில நிமிடத்துக்குள் செறிவான மருந்தைத் தூரிகையால் தடவுங்கள். மேலே தொங்குவது தானாகக் காயட்டும், இழுக்காதீர்கள். ஆடுகளை வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. ஆடு இலையைச் சுத்தமாகத் தின்றுவிடும், வேர் அப்படியே இருக்கும், அதன் ரோமத்தில் எண்ணெயும் இருக்கும். பெரிய சரிவான நிலத்துக்குத்தான் அது சரிப்படும். கைகளில் ஏற்கெனவே கடுமையாக வந்தவர், சர்க்கரையால் ஸ்டீராய்டு எடுக்க முடியாதவர், இவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் ஆனாலும் ஆள் வைத்து எடுப்பதே சரி.

பிடுங்கியதை எரிக்கக் கூடாது, உரக்குழியில் போடக் கூடாது. காய்ந்த கொடியிலும் எண்ணெய் இருக்கும். இரட்டைப் பையில் கட்டி, உங்கள் ஊர் விதிப்படி குப்பையில் சேர்த்துவிடுங்கள். வெள்ளைக் காய்களைத் தின்னும் பறவைகள் விதையை வேலியடியில் போட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் அடுத்த மே மாதத்திலும் பறவைகள் உட்காரும் வேலிக் கம்பிகளுக்கு நேர் கீழே முதலில் தேடுங்கள்.